அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு கிடைக்குமா? கிடைக்காது என்றால் அது நியாயமா?

கிடைக்காது. ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன்பாகவே இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அப்படியானால் உரிய நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். என் மாணவி ஒருத்தியின் தந்தைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. நான் தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். தன் பள்ளிக்கு ஆள் சேர்க்கப் பேசுகிறான் என்று எவரும் நினைக்க வேண்டாம். நான் சொல்லப் போவது அதற்கு நேர் எதிரானது.

மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. அமைச்சரவை அதை 7.5 ஆக்கியது. சட்ட முன்வடிவு 2020 செப்டம்பரில் பேரவையில் நிறைவேறி, ஆளுநரிடம் ஒன்றரை மாதம் காத்திருந்து, அக்டோபர் 30 அன்று ஒப்புதல் பெற்றது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கே இது பொருந்தும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், வனத்துறைப் பள்ளிகளும் இதில் அடங்கும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை.

நான் இந்தச் சட்டத்துக்கு எதிரி அல்லன். இது வருவதற்கு முந்தைய ஆண்டு மாநிலம் முழுவதிலுமிருந்து அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ நானூறு இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. தகுதி குறைந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள், பல லட்சம் கட்டி ஓராண்டு, ஈராண்டு பயிற்சி மையத்தில் படித்தவர்களின் மதிப்பெண்ணையும், மாலையில் வீட்டு வேலை பார்த்துவிட்டுப் படித்த பிள்ளையின் மதிப்பெண்ணையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள்.

அந்த மாணவி 2014 ஜூனில் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். தாய் பீடி சுற்றுபவர்; தந்தை மண்டியில் மூட்டை தூக்குபவர். அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போக வேண்டும். எங்கள் பள்ளிக்கு நடந்தே வந்துவிடலாம். எங்கே சேர்ப்பது என்று அவள் தந்தை என்னிடம் கேட்டபோது, இரண்டும் ஒன்றுதான், பெண் குழந்தையை ஏன் பேருந்தில் அலையவிடுகிறீர்கள், இங்கேயே விடுங்கள் என்றேன். அன்று நான் சொன்னதில் தவறு ஏதும் இல்லை. எங்கள் சம்பளம் அரசு தருவது. பாடநூலும், மதிய உணவும், பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டியும் அரசு தருவதே. மருத்துவச் சேர்க்கையும் அப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நடந்துகொண்டிருந்தது.

அவள் பதினொன்றாம் வகுப்பு வந்தபோது எங்கள் பள்ளியில் வேதியியல் பணியிடம் காலி. நியமனத்துக்கான ஒப்புதல் மேலிடத்திலிருந்து வர இரண்டு ஆண்டுகள் ஆயின. எனக்குத் தெரிந்த வேதியியலை நானே சொல்லிக் கொடுத்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: உதவி பெறும் பள்ளி என்றால் தனியார் பள்ளியின் வசதிகள் இருக்கும் என்று சென்னையில் உட்கார்ந்து எண்ணுகிறவர்கள் பலர். 2021 செப்டம்பரில் நீட் எழுதி, முந்நூறுக்கு மேல் பெற்றாள். அடுத்த தெருவில், அவளைப் போலவே பீடி சுற்றும் தாய்க்குப் பிறந்து அரசுப் பள்ளியில் படித்த பெண், அவளைவிட நாற்பது மதிப்பெண் குறைவாகப் பெற்று எம்.பி.பி.எஸ். சேர்ந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே, அவள் தகுதியானவள். ஆனால் இந்தத் தந்தை என் வீட்டு வாசலில் வந்து நின்று, “சார், அன்னைக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே” என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மகள் செவிலியர் பட்டப்படிப்பு முடித்து, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறாள்.

உதவி பெறும் பள்ளிகள் சில, சுயநிதிப் பிரிவு நடத்திக் கட்டணம் வாங்குகின்றனவே என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்தப் பிரிவை விலக்கிவிடட்டும். அரசுப் பள்ளிகளில் சேர்க்கையைப் பெருக்குவதற்கான சலுகையை உங்களுக்கு எப்படித் தருவது என்றும் சிலர் கேட்கிறார்கள். மற்ற திட்டங்களில் அரசு அப்படிக் கருதவில்லையே. 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கென்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்தது. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், அடுத்த ஆண்டு நகர்ப்புறப் பள்ளிகளுக்கும் நீண்டது. எங்கள் பிள்ளைகளின் வறுமையை உணவுக்கும் உதவித்தொகைக்கும் ஏற்றுக்கொண்ட அரசு, கல்லூரி இடத்துக்கு மட்டும் ஏற்கவில்லை. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இல் வந்த 7.5 விழுக்காட்டிலும் நாங்கள் விடுபட்டோம்.

பணத்தைக் கூட்டி ஒதுக்கலாம். இருக்கும் இடங்களைப் பங்கிட்டால் ஒருவரிடமிருந்து எடுத்துத்தான் மற்றவருக்குத் தர முடியும் என்பதை நான் அறிவேன். அதனால் அந்த 7.5-இல் பங்கு கேட்கவில்லை. குழு பரிந்துரைத்த பத்தில் குறைக்கப்பட்ட 2.5 இருக்கிறது. உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழிப் பிரிவில், வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதைத் தனியாக ஒதுக்கலாம். சட்டம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், ஐந்தாண்டில் மறுஆய்வு வேண்டும் என்றும் சொன்னது. இந்தக் கோரிக்கையை வைக்க அதைவிடப் பொருத்தமான நேரம் எது?

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்கு மருத்துவ ஆசை இருந்தால் ஆறாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். பள்ளியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா என்பதைத் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் ஒரே ஓர் ஆண்டு உதவி பெறும் பள்ளியில் படித்தாலும் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. கடந்த ஜூனில் எங்கள் பள்ளிக்கே சேர்க்கைக்கு வந்த ஒரு தாயிடமும் இதைத்தான் சொன்னேன். அவருடைய மகள் இப்போது அரசுப் பள்ளிக்குப் பேருந்தில் போய்வருகிறாள்.