பூமத்திய ரேகையத் தாண்டுன மேப்பிள்: ஏசர் லாரினம் பத்தி கேளுங்க, சொல்றேன்

கேள்வி: சார், மேப்பிள்னா கனடா மாதிரி குளிர் நாட்டு மரம்தானே, இந்தோனேசியாவுல எப்படி?

பதில்: கனடா கொடியில அந்த இலைய பாத்து பாத்து நமக்கு அப்படி பதிஞ்சிருச்சு. ஆனா மேப்பிள் வகைகள்ல பெரும்பாலானது ஆசியாவுலதான் இருக்கு. அதுல ஒண்ணுதான் ஏசர் லாரினம், இது மியான்மர், தாய்லாந்து, வியட்நாம்னு ஆரம்பிச்சு மலேசியா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா, திமோர் வரைக்கும் இருக்கு, பூமத்திய ரேகைக்குத் தெக்கே இயற்கையா வளர்ற ஒரே மேப்பிள் இதுதான்! அடிவாரத்துல வெக்கையா இருந்தாலும் 1000 மீட்டர் ஏறுனா சுமாரா 6 டிகிரி குறையும், கூடவே மேகமும் ஈரமும், அது போதும் இதுக்கு. ஜாவா போறவங்க கெடே பங்ராங்கோ மலைக்காட்டுல தேடிப் பாருங்க.

கேள்வி: அண்ணா, போட்டோவுல இலை மாவிலை மாதிரி இருக்கு, விரல் விரலா பிரியவே இல்லையே. இது மேப்பிள்தானா?

பதில்: சத்தியமா மேப்பிள்தான் தம்பி. இலை வடிவத்த மட்டும் நம்பாதீங்க. ரெண்டு விஷயம் சேந்து இருக்கான்னு பாருங்க, ஒண்ணு இலைங்க எதிரெதிரா ஜோடியா வரணும், இன்னொண்ணு காய், ரெண்டு ரெக்கை ஒட்டுன மாதிரி ஜோடியா தொங்கும். காஞ்சதும் ரெண்டா பிரிஞ்சு ஒவ்வொண்ணும் சுத்திக்கிட்டே இறங்கும், அப்படி சுத்தறப்ப ரெக்கையோட முன் விளிம்புக்கு மேல ஒரு காத்துச் சுழல் உருவாகி தூக்கிப் பிடிக்கும்னு 2009ல ஆராய்ச்சி பண்ணி காட்டியிருக்காங்க, அதனால மெதுவா விழும், அதுக்குள்ள காத்து தாய் மரத்த விட்டு தள்ளிக் கொண்டு போயிரும். எனக்கு இந்த மரத்துல ரொம்பப் பிடிச்சதே இந்தக் காய்தான். லாரினத்துக்குன்னு தனி அடையாளம் வேணும்னா இலைய திருப்புங்க, அடிப்பக்கம் வெளுத்து சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: செவப்பா மாறுமா?

பதில்: குளிர்நாட்டு மேப்பிள் மாதிரி மொத்த மரமும் செவந்து கொட்டாது, பசுமை மாறாத மரம் இது.

கேள்வி: மேப்பிள் சிரப் எடுக்கலாமா?

பதில்: முடியாதுங்க. சிரப்புங்கிறது மரத்துச் சாற காய்ச்சி எடுக்குற பாகு, அதுக்கு ராத்திரி உறைஞ்சு பகல்ல உருகுற குளிர் வேணும், அப்பதான் சாறு நல்லா ஓடும். வட அமெரிக்காவோட சர்க்கரை மேப்பிள்லயே ஒரு லிட்டர் சிரப்புக்கு 40 லிட்டர் சாறு தேவைப்படுது.

கேள்வி: சென்னையில மாடித்தோட்டத்துல வைக்கலாமா அக்கா கேக்குறாங்க.

பதில்: வேணாம்னு சொல்லிருங்க. மலைக்காட்டுல பெருசா வளர்ற மரம், தொட்டியிலயும் நிக்காது, சென்னை வெயிலும் ஆகாது. அக்காவுக்கு மேப்பிளோட சொந்தக்காரங்க யாராவது வேணும்னா முடக்கத்தான் வைக்கச் சொல்லுங்க, ரெண்டும் ஒரே குடும்பம்தான், பூந்திக்கொட்டை, லிச்சி, ரம்புட்டான் எல்லாமே அதுலதான் வருது. முடக்கத்தான் தொட்டியில நல்லா வரும், படர ஒரு கயிறு கட்டி விட்டா போதும்.