ஆலை மூடப்படுகிறது, கைக்கு வரும் தொகையை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 41. ஒரகடம் பகுதியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 14 ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். சம்பளம் ரூ.34,000, அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் ரூ.26,000. மூன்று மாதத்தில் ஆலையை மூடப்போவதாகவும், எல்லாம் சேர்த்து ரூ.18 லட்சம் தருவதாகவும் சொல்கிறார்கள். வீட்டுக் கடன் பாக்கி ரூ.11 லட்சம், மாதத் தவணை ரூ.13,500. நகைக் கடன் ரூ.1.8 லட்சம். வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தில் மாடியில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாமா? என் மைத்துனர் இதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு எதுவும் கிடையாது என்கிறார்கள்.

பதில்: மாடி கட்ட வேண்டாம். வீட்டுக் கடனையும் இப்போது அடைக்க வேண்டாம். அடுத்த வேலை அமைந்து சம்பளம் சீராக வரும்வரை உங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டியது இந்தப் பணத்தில்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. மறு ஆண்டு அந்தப் பக்கம் சென்றிருந்தபோது, ஒரு மூதாட்டி தம் வீட்டுக்குப் பின்னால் கடன் வாங்கிக் கட்டியிருந்த ஆறு அறைகளை எனக்குத் திறந்து காட்டினார். ஐந்தில் ஆளில்லை. முந்தைய ஆண்டின் நாட்காட்டியும், துணி காயப்போட்ட நைலான் கயிறும் அப்படியே தொங்கின. ஆலை மூடும்போது அந்தச் சம்பளத்தை நம்பிய மெஸ், ஷேர் ஆட்டோ, மளிகைக் கடை, வாடகை அறை எல்லாமே சேர்ந்து படுத்துவிடுகின்றன. அந்த வளாகத்தை வேறொரு நிறுவனம் வாங்கும் செய்தி 2019 இல்தான் வந்தது. அத்தனை ஆண்டுகள் காலி அறைக்குத் தவணை கட்ட உங்களால் முடியாது.

கையெழுத்திடும் முன் ஒன்று செய்யுங்கள். ‘எல்லாம் சேர்த்து’ என்பதை ஏற்காமல், தொகையை இனம் இனமாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்கள் சட்டப்படியான உரிமை: ரூ.26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 14 ஆண்டுகளாலும் பெருக்கினால் ரூ.2,10,000 வருகிறது. மூடலுக்கான இழப்பீடு, முழுச் சம்பளமான ரூ.34,000-ஐ வைத்து, ஓர் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற சட்டக் கணக்கில் ஏறத்தாழ ரூ.2,38,000. இது குறைந்தபட்ச அளவுதான். இதற்கு மேல் எவ்வளவு என்பது தொழிற்சங்கம் பேசிப் பெறுவது. சேர்ந்திருக்கும் விடுப்புக்கான பணமும் தனி வரியில் இருக்க வேண்டும். மூடலுக்காகத் தரும் தொகைக்கு ஆவணத்தில் இழப்பீடு என்று பெயரிடுகிறார்களா, விருப்ப ஓய்வு என்கிறார்களா என்பதைப் பொறுத்து வரிவிலக்கு மாறும். எந்தப் பெயரானாலும் அதற்கான விலக்கு ரூ.5 லட்சத்தைத் தாண்டாது. ஆகவே 18 லட்சமும் அப்படியே கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிட்டே கையெழுத்திடுங்கள்.

பணம் வந்ததும் நகைக் கடனை முழுதாக அடைத்து நகையை மீட்டுவிடுங்கள். நாளை அவசரம் என்றால் ஒரே நாளில் பணமாவது அதுதான். வீட்டுக் கடன் மாறும் வட்டியில் இருந்தால், முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது என்பதால், வேலை கிடைத்த பிறகு நிதானமாக அடைக்கலாம். இப்போது அடைத்துவிட்டால் அந்தப் பணத்தை வங்கி திருப்பித் தராது. தவணை தவறும் முன்பே கிளை மேலாளரைப் பார்த்து, காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டுச் செலவும் தவணையும் சேர்ந்து மாதம் ரூ.28,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டுக்கு ரூ.3,36,000 வேண்டும். அதைத் தனிக் கணக்கில் போட்டு, மாதம் பிறந்ததும் சம்பளம்போல 28,000 மட்டும் எடுங்கள். மீதியை வைப்பு நிதியில், ஒரு வங்கியில் ரூ.5 லட்சத்துக்கு மிகாமல் பிரித்துப் போடுங்கள். வைப்புக் காப்பீடு அந்த அளவுக்குத்தான் உண்டு. சீட்டு, நிலம், நண்பரின் தொழில் என்று ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். ஆறு மாதம் யாருக்கும் சரி சொல்லாதீர்கள்.

வருங்கால வைப்பு நிதியைத் தொடாதீர்கள். அதோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல் பங்களிப்பு இருப்பதால், 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். கடைசி வேலைநாளுக்கு முன்பே குடும்பத்துக்குத் தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள்.

மைத்துனருக்கு எதுவும் கிடையாது என்பது சரியல்ல. அவர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாவது சந்தா கட்டியவர் ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தால், முதல் 12 மாதம் ஊதியத்தில் பாதியும், அடுத்த 12 மாதம் கால் பங்கும் உதவித்தொகையாகப் பெறலாம். அதுவரை குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் தொடரும். தானாக விலகியவருக்கு இது கிடைக்காது. எனவே ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று ஒப்பந்தக்காரர் எழுதித் தரச் சொன்னால் அவர் எழுதித் தரக் கூடாது. இந்த வாரமே சம்பளச் சீட்டுகளையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் எடுத்துக்கொண்டு, அவரை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அவருடன் வேலை பார்க்கும் மற்ற ஒப்பந்தத் தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.