தையல் கேள்வி – பதில்: ஸ்மாக்

கேள்வி: ஃபிராக்கின் நெஞ்சுப் பகுதிக்கு ஸ்மாக்கிங் (துணியைச் சிறு மடிப்புகளாகச் சுருக்கி, மடிப்புகளின் மேல் போடும் தையல்) போட்டேன். 40 செ.மீ. வர வேண்டியது 33தான் வந்திருக்கிறது. இழுத்தாலும் விரியவில்லை. என்ன தப்பு?

பதில்: விரியவில்லை என்கிறீர்களே, அப்படியானால் முதல் சந்தேகம் தையல் வகைமீதுதான். கேபிள் தையல் மடிப்புகளைப் பூட்டிவிடும். மேல் வரிசைக்கு மட்டும் அது போதும். கீழே தேன்கூடு, அலைத் தையல் போட்டால்தான் நெகிழும். அடுத்தது ஊசியின் ஆழம். மடிப்பின் நுனியை மட்டும் குத்தி எடுங்கள். அடிவரை குத்தினால், மடிப்புகளைத் தற்காலிகமாகப் பிடித்திருக்கும் சுருக்கு நூலும் சேர்ந்து தைபட்டு, பிறகு உருவ வராது.

வேண்டிய அகலத்துக்கு 'மூன்று மடங்கு துணி' எடுக்க வேண்டும் என்பது தோராயக் கணக்கு. துணியின் தடிமன், சுருக்கு நூல் ஓட்டக் குறிக்கும் புள்ளிகளின் இடைவெளி, கை இறுக்கம் எல்லாமே அதை மாற்றும். அதே துணியில் 15 செ.மீ. மாதிரி தைத்து, சுருக்கு நூலை உருவிய பிறகு அளந்து பாருங்கள். 6 செ.மீ. வந்தால் உங்கள் கைக்கு இரண்டரை மடங்கு. 40க்கு 100 செ.மீ. வேண்டும், தையலுக்கு விடுவது தனி.

கையில் இருப்பதைக் காப்பாற்ற, சுருக்கு நூலை மறுபடி ஓட்டிவிட்டு, நடுவிலுள்ள கேபிள் வரிசைகளைப் பிரித்து அலைத் தையல் போடுங்கள். சுருக்கு நூலை உருவியபின், வேண்டிய அகலத்துக்கு விரித்துக் குண்டூசி குத்தி, இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் மேலே பிடித்து ஆவி காட்டி உலர விடுங்கள். பிரிக்காமல் ஆவி மட்டும் காட்டினால் 7 செ.மீ. கிடைக்காது.

கேள்வி: ஸ்மாக்கிங் போட்ட உடைக்குத்தானே ஸ்மாக் என்று பெயர்?

பதில்: உடைதான் முதலில், தையலுக்கு அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் மேய்ப்பர்களும் வண்டிக்காரர்களும் மற்ற உடைக்கு மேல் போட்டுக்கொண்ட தொளதொள அங்கி அது. எல்லாத் துண்டும் சதுரம், செவ்வகம் என்பதால் துணி வீணாகாது. அந்தத் தொளதொளப்பை மார்பிலும் மணிக்கட்டிலும் அடக்க வந்ததே இந்தத் தையல். எலாஸ்டிக் இல்லாத காலத்து எலாஸ்டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி தைத்த வகையில், ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பண்ணைக்கு இயந்திரம் வந்ததும் அதே தொளதொளப்பு சக்கரத்தில் சிக்கும் ஆபத்தாகிவிட்டது.

மீனவரின் கேன்வாஸ் மேலாடையும், ஓவியரின் அங்கியும் ஸ்மாக்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் அணிந்த டெனிசன் ஸ்மாக்கில், குதிக்கும்போது மேலேறாதபடி கால்களுக்கிடையே மாட்டும் பட்டி உண்டு. இவற்றில் ஸ்மாக்கிங்கைத் தேடாதீர்கள்.

கேள்வி: களிமண் வேலைக்கு ஸ்மாக் எப்படித் தைப்பது?

பதில்: உட்கார்ந்தால் மடி மறையும் நீளம், மணிக்கட்டில் எலாஸ்டிக், பின்புறத் திறப்பு. பையும் மடித்த விளிம்பும் வேண்டாம்; மண் அங்கேதான் சேரும். காய்ந்தபின் உதறாதீர்கள். களிமண் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல். ஈரமாகவே அலசிவிடுங்கள்.