ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலைக்காக வெளிநாடு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வந்தபோது இருந்ததைவிடப் பதினோரு கிலோ எடை கூடிவிட்டது. வாரத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். அறையில் ஒரு மின்சாரக் கெட்டிலும் ஒரு பாத்திரமும்தான் இருக்கின்றன. எப்படியும் திரும்பப் போகிறோம், எதற்குச் சாமான் சேர்ப்பது என்று வேறெதுவும் வாங்கவில்லை. நூடுல்ஸ், ரொட்டி, கடையில் கிடைக்கும் பொட்டல உணவு, இவைதான் சாப்பாடு. அலுவலகத்தில் நடந்த பரிசோதனையில் ரத்த அழுத்தம் சற்று அதிகம் என்றார்கள். அடுத்த ஆண்டு விடுப்பில் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அதுவரை எதையெல்லாம் சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் தரப்போவதில்லை. அதற்கா பஞ்சம்? உங்கள் கைப்பேசியிலேயே நாலைந்து கிடக்கும். அவற்றைப் படித்து முடித்த கையோடு நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருப்பீர்கள்.

என் கண் போய் நின்றது அந்தக் கெட்டிலில்தான். மூன்று ஆண்டுகளாகச் சம்பாதிக்கும் ஒருவர் இரண்டாவது பாத்திரம் வாங்கவில்லை என்றால், அதற்குக் காசு காரணமாக இருக்க முடியாது. இந்த ஆண்டுகளை நீங்கள் ஆயுள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ரயில் வரும்வரை நடைமேடையில் கிடைத்ததைத் தின்று பசியை அடக்குவோமே, அப்படிக் காலம் தள்ளியிருக்கிறீர்கள். பிழைப்புக்காக வெளியே போனவர்கள் பலருக்கும் இந்த வழக்கம் உண்டு. கட்டில் ஆடினால் ஆடட்டும், பல் வலித்தால் ஒரு மாத்திரை, மற்றதெல்லாம் ஊருக்குப் போய். ‘இன்னும் ஒரே ஒரு வருடம்’ என்ற பேச்சோ, ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் புதிதாகப் பிறக்கும். கடைசியில் சேமிப்போடு சேர்த்துச் சர்க்கரையையும் சம்பாதித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே முதலில் பாத்திரக் கடைக்குப் போங்கள். கூர்மையான ஒரு கத்தி, காய் நறுக்கப் பலகை, ஒரு குக்கர் அல்லது மூடியுள்ள அடிகனமான பாத்திரம், மூடி இறுக்கமாக உட்காரும் நாலைந்து டப்பாக்கள். திரும்பும்போது எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவர் வாழ்த்துவார்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று தோன்றும். கெட்டில் மட்டும் இருக்கும் அறையில், வெந்நீர் ஊற்றினால் தயாராகிறதுதான் உணவு. அது உங்களை என்ன செய்கிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவையும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு. எவ்வளவு உண்பது என்பது அவரவர் விருப்பம். ஆலை உணவு உண்ட காலத்தில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை ஏறத்தாழ ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அதே அளவு இறங்கியது. உங்கள் பதினோரு கிலோவுக்கு நாக்கை அடக்கத் தெரியாததுதான் காரணம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருந்தால், பழியில் பாதியைப் பொட்டலத்தின் மீதும் போடலாம்.

பொட்டலத்தை அறவே விட முடியாது, தெரியும். வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். அங்கே இருப்பது விளம்பரம்: வயல், சூரியன், ‘இயற்கையானது’ என்ற சொல். திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் பெரும்பாலான நாடுகளில் எடை வரிசைப்படிதான் அச்சிடப்படுகின்றன. அதிகம் சேர்த்தது முதலில் வரும். ‘முழுத் தானிய பிஸ்கட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் முதலில் மைதா, அடுத்துச் சர்க்கரை, முழுத் தானியம் ஐந்தாவது இடத்தில் பதுங்கியிருக்கும். சத்து அட்டவணையில் ‘ஒரு வேளைக்கு’ என்ற கட்டத்தை நம்ப வேண்டாம். நீங்கள் ஒரே மூச்சில் காலி செய்யும் பாக்கெட்டை அவர்கள் இரண்டு வேளை என்று கணக்குப் போட்டிருப்பார்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டம் இருந்தால் அதை வைத்து ஒப்பிடுங்கள்.

உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள். 2 கிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்சவரம்பே 5 கிராமுக்குக் கீழேதான். நூடுல்ஸோடு வரும் அந்தச் சிறிய மசாலாப் பொடிப் பையில்தான் உப்பின் பெரும்பகுதி இருக்கிறது. பாதியைப் போட்டுவிட்டு மீதியைக் குப்பையில் எறியுங்கள். ரத்த அழுத்தம் ஏறியவருக்கு இது இன்றே செய்யக்கூடிய காரியம்.

இனிச் சமையல். தினமும் சமைக்க உங்களால் முடியாது. முடியும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். விடுமுறை நாளில் ஒருமுறை, வாரத்தின் நடுவில் ஒருமுறை போதும். பயறு, காய்கறி, முட்டையோ மீனோ, ஏதாவது ஒரு தானியம். உறைந்த காய்கறி என்றால் சத்து போய்விட்டது என்று முகம் சுளிக்காதீர்கள். பறித்த சிறிது நேரத்திலேயே உறையவைப்பதால், கடையில் நாள்கணக்கில் வாடிக் கிடக்கும் ‘புதிய’ காயைவிட அது பல வேளைகளில் மேல். நறுக்கும் வேலையும் மிச்சம். சமைத்ததை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடாதீர்கள். சிறு டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நாளுக்குமேல் வேண்டியதை ஃபிரீசரில். போகிற போக்கில் ஒன்று: சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் பச்சையாகப் போட்டால் அதன் நச்சுப் பொருள் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம்.

இரவு ஷிப்டுதான் உங்கள் நிலைமையில் சிக்கலான பகுதி. காலையில் சாப்பிடும் அதே உணவை நடு இரவில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. உடம்பின் உள் கடிகாரம் அப்படி. வேலைக்குப் போகும் முன் வயிறார உண்டுவிடுங்கள். நள்ளிரவில் பசித்தால் முட்டை, தயிர், பழம், ஒரு கைப்பிடி கொட்டை வகை என்று சிறிதாக நிறுத்துங்கள். வேலை முடிந்து வந்து அசதியில் அள்ளிப் போட்டுக்கொள்ளும் பெரும் சாப்பாடுதான் ஆபத்து. காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கிறது. அதிகாலை 4 மணிக்குக் குடித்தால் 9 மணிக்கும் அதில் பாதி உள்ளே விழித்திருக்கும், உங்களையும் விழிக்க வைத்துக்கொண்டு. ஷிப்டின் முதல் பாதியோடு காபியை முடித்துவிடுங்கள். வெளிச்சம் புகாத கனமான திரைச்சீலை வாங்குங்கள். ஆம், திரும்பிப் போகப்போகிறீர்கள்தான். இருந்தாலும் வாங்குங்கள்.

உடற்பயிற்சிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்றது. விறுவிறுவென்று நடந்தாலே கணக்கில் சேரும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன்: யாரோடு சாப்பிடுகிறீர்கள்? கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடும்போது எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரிவதில்லை. உடன் வேலை செய்பவர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு முறை வைத்துச் சமையுங்கள். ஒருவருக்கு ஆக்கும் நேரத்தில் மூவருக்கும் ஆக்கிவிடலாம். அவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தால் என்ன?

கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோனீர்களே, அந்த ரத்த அழுத்தம் விடுப்புவரை காத்திருக்கக் கூடாது. அது வலிக்காது, அதுதான் வம்பு. மேல்கையில் கட்டும் கருவி ஒன்று வாங்குங்கள். காபி, புகை இரண்டும் நிறுத்தி அரை மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து அளக்க வேண்டும். எழுந்ததும் இருமுறை, படுக்கும் முன் இருமுறை என ஒரு வாரம் குறித்துவையுங்கள். சராசரி 135/85 அல்லது அதற்குமேல் இருந்தால் அங்கேயே ஒரு மருத்துவரைப் பாருங்கள். குறைவாக இருந்தாலும் அந்தக் குறிப்பை ஒருமுறை அவரிடம் காட்டிவிடுங்கள். 180/120ஐத் தாண்டி நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ பார்வை மங்கலோ இருந்தால் அந்த நிமிடமே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். உங்கள் காப்பீடு எந்த மருத்துவமனையில் செல்லும், ஆம்புலன்ஸை எந்த எண்ணில் அழைப்பது என்ற இரண்டையும் இந்த வாரமே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.