கூட்டத்தில் வாய் திறக்காத மதினி: 16 வகைத் தேர்வு உதவுமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடல்பாசி வளர்க்கிறோம். மனதில் பட்டதை நான் உடனே பேசிவிடுவேன். குழுவில் இருக்கும் மதினி ஒருவர் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. எல்லாம் முடிவான பிறகு, ரெண்டு நாள் கழித்து, "அது சரிப்படாது" என்பார். வாடைக் காற்றுக்கு முன்னால், வடக்குப் பக்கக் கடலில் பாசி கட்டியிருக்கும் மிதவைகளைக் கரையேற்றும் விஷயத்தில் இதனாலேயே சண்டை வந்தது. போனில் 16 வகை ஆளுமைத் தேர்வு இருக்கிறது, எல்லோரும் எழுதி அதன்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறாள் என் மகள். செய்யலாமா?

பதில்: பொழுதுபோக்காக எழுதிப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அதை வைத்து வேலையைப் பிரிக்க வேண்டாம்.

தனக்குள்ளேயே யோசிக்கிற அகமுகம், வெளியே பேசிப் பழகுகிற புறமுகம் என்ற பிரிவை 1921-இல் பிரபலமாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். அதை வைத்து அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் 16 வகைத் தேர்வை உருவாக்கினார்கள். இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். அதைவிடப் பெரிய சிக்கல், பெரும்பாலான மனிதர்கள் இந்த இரண்டு முனைக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள் என்பது. ஊரில் எல்லோரையும் நிற்க வைத்து, சராசரி உயரத்துக்கு ஒரு விரல் கூடினால் நெட்டை, ஒரு விரல் குறைந்தால் குட்டை என்று பேர் வைப்பது மாதிரியான வேலை இது. அதனால்தான் சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதுகிற பலருக்கு வேறு வகை வருகிறது. இன்றைய ஆய்வாளர்கள் வகை பிரிப்பதில்லை. ஐந்து பண்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒருவரிடம் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று பார்க்கிறார்கள்.

உங்கள் சண்டைக்கு அந்த ஐந்தில் இரண்டு போதும்.

முதலாவது புறமுகம். உங்களுக்குப் பேசப் பேசத்தான் யோசனை தெளிகிறது. மதினி யோசித்து முடித்த பிறகு பேசுகிற ஆளாக இருக்கலாம். இரண்டுமே சரியான வழிதான், ஆனால் ஒரே கூட்டத்தில் மோதும். இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. பல மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டறிந்த விஷயம் இது. யோசிக்க மூன்று நொடி எடுத்துக்கொள்கிறவருக்கு ஐந்து பேர் கூட்டத்தில் முறையே வராது. அவர் வாயெடுப்பதற்குள் நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பீர்கள். ரெண்டு நாள் கழித்து வரும் "சரிப்படாது" வீம்பாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கூட்டத்தில் இடம் கிடைக்காத பதிலாகவும் இருக்கலாம்.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாற்றுப் பாசியைக் கயிற்றில் முடிந்துகொண்டிருக்கும்போது மதினி எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். கை வேலையில் இருக்கும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. அங்கே நன்றாகப் பேசுகிறார் என்றால் அவர் சுபாவத்தில் குறையில்லை, கூட்டம் நடக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போதும். கூட்டத்தில் அவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில் பேசுங்கள். இது உங்களுக்குத்தான் கஷ்டம், தெரியும். அவர் நிறுத்தினால் உடனே நிரப்பாமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஒரு அறுவடைக்கு 45 நாள் காத்திருக்கிற தொழிலில் பெரும்பாலான முடிவு ஒரு ராத்திரி பொறுக்கும். பொறுக்காதது காற்று. காற்று மாறினால் யார் முடிவெடுப்பது என்பதை மட்டும் கடல் அமைதியாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இணங்கிப் போகும் குணம். இது கூடுதலாக உள்ளவர்கள் நாலு பேர் முன்னால் மறுத்துப் பேச மாட்டார்கள். "சரிதானே மதினி?" என்று கேட்டால் "சரி" என்றுதான் வரும். "இப்படிச் செய்தால் எங்கே கெட்டுப்போகும், மதினி?" என்று கேளுங்கள். அப்போது மறுப்பதுதான் உங்களுக்குச் செய்யும் உதவி என்றாகிவிடும், அவருக்கும் சங்கடமில்லை.

அப்புறம், வியாபாரியிடமும் வங்கியிலும் நீங்கள் பேசுவது குழுவுக்குப் பலம், அதை விட வேண்டாம். ஆனால் அமைதியான ஆள் என்பதற்காக மதினியை ஒரேயடியாகக் கணக்குப் புத்தகத்தோடு உட்கார வைத்துவிடாதீர்கள். பழக்கமான விஷயத்தைப் பேசும்போது அமைதியானவர்களும் உறுதியாகப் பேசுவார்கள்.

பேசாததற்கெல்லாம் சுபாவமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். உறவில் மூத்தவர் யார், யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள், கணக்கு எல்லோருக்கும் தெரிகிறதா என்பதெல்லாம் வாயைக் கட்டும். இரண்டு மூன்று கூட்டம் இப்படி நடத்தியும் மாற்றம் இல்லை என்றால், தனியாக அவர் வீட்டுக்குப் போங்கள். பங்குப் பணத்தில் ஏதாவது மனத்தாங்கல் உண்டா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கணக்குப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.