பேரன் போனைப் பார்த்ததும் ஓடுகிறான்!

கேள்வி: மகள் பாரீஸில் இருக்கிறாள். தினமும் ராத்திரி எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போடுகிறேன். மூன்று வயதுப் பேரன் என்னைப் பார்த்ததும் ஓடிவிடுகிறான். மகளோ குழந்தைக்கு ஸ்கிரீனே ஆகாது என்கிறாள். என்னை மறந்துவிடுவானோ?
- ஒரு பாட்டி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அம்மா, போன் எடுத்ததும் என்ன கேட்பீர்கள் என்று நான் சொல்லட்டுமா? "சாப்ட்டியா செல்லம், ஸ்கூலுக்குப் போனியா, பாட்டிக்கு ஒரு முத்தம் குடு." சரிதானே? மூன்று வயதுப் பிள்ளைக்கு இது போலீஸ் விசாரணை மாதிரி, நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

நாளைக்கு ஒன்றும் கேட்காதீர்கள். போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள்பாட்டுக்குச் சப்பாத்தி மாவு பிசையுங்கள், ஒரு உருண்டையில் யானை செய்யுங்கள், தும்பிக்கை ஒடிந்து விழுந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போய் காந்தி சிலையையும் அலையையும் காட்டுங்கள் (உங்கள் முகத்தை அல்ல). விளக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கருப்பாகத் தெரியும், குழந்தை பயப்படும். அப்புறம், நீங்கள் திரையில் அவன் முகத்தைப் பார்க்கிறீர்கள், கேமரா அதற்கு மேலே இருக்கிறது. அதனால் பாட்டி வேறெங்கோ பார்ப்பதாகத்தான் அவனுக்குத் தோன்றும். அவ்வப்போது அந்தச் சின்னப் புள்ளியைப் பார்த்துச் சிரியுங்கள்.

நேரமும் ஒரு காரணம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரான்ஸில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. அதனால் கோடையில் வித்தியாசம் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. உங்கள் எட்டரை அங்கே கோடையில் மாலை ஐந்து, குளிர்காலத்தில் நான்கு. நான்கு மணிக்குப் பள்ளி விட்டிருக்குமோ என்னவோ, அப்படியே வீட்டுக்கு வந்திருந்தாலும் அசதியிலும் பசியிலும் இருப்பான். நவம்பர் வந்தால் ஒன்பதரைக்குப் போடுங்கள்.

மகள் பயப்படுவதில் தப்பில்லை, ஆனால் எல்லா ஸ்கிரீனும் ஒன்றல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2016-ல், 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஸ்கிரீன் வேண்டாம் என்று சொன்னபோதுகூட வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. கார்ட்டூன் பதில் பேசாது, பாட்டி பேசுவாள். மகளிடம் இதைச் சொல்லுங்கள், கூடவே "பாட்டிக்கு ஹாய் சொல்லு" என்று போனை அவன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டானா, ஓடட்டும். போனை வைத்துவிடாமல் யானைக்கு வால் ஒட்டிக்கொண்டிருங்கள், எட்டிப் பார்ப்பான்.