மரச் சாம்பல் கிளேஸ்: சேலம், ஏற்காடு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேஸ் சூளையில் 1,280 டிகிரி செல்சியஸ் வரை சுடும் ஸ்டோன்வேர் என்ற கெட்டியான களிமண் பாண்டத்துக்குச் சாம்பலைக் கிளேஸாக, அதாவது சூட்டில் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சாகப் பூசுவது பற்றி வந்த கேள்விகள் இவை.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட்டில் கவாத்து செய்த காப்பிக் குச்சி, சில்வர் ஓக் கிளை எல்லாம் எரித்த சாம்பல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அப்படியே பூசலாமா?

தாராளமாக, ஆனால் தனியாக வேண்டாம். மரச் சாம்பலில் பெரும்பங்கு சுண்ணாம்புச் சத்துதான். பொட்டாசியமும் கொஞ்சம் மெக்னீசியமும் பாஸ்பரஸும் கூட இருக்கும். மணலில் இருக்கும் சிலிக்காவும் களிமண்ணில் இருக்கும் அலுமினாவும் சேர்ந்தால்தான் நல்ல கண்ணாடியாக உருகி நிற்கும். அதற்காக எடையில் சாம்பல் 40, ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைப் பொடி 40, சீனாக் களிமண் 20 என்று தொடங்குங்கள். பட்டையின் சாம்பலும் கட்டையின் சாம்பலுமே ஒன்றுபோல் இருக்காது. அதனால் மூட்டைகளையெல்லாம் கொட்டிக் கலந்து ஒரே சரக்காக்கிவிடுங்கள். இதைச் செய்யாதவருக்கு இந்த முறை வந்த நிறம் அடுத்த முறை வராது.

அம்மாபேட்டையிலிருந்து: சாம்பலைக் கழுவியே ஆக வேண்டுமா?

கழுவாத சாம்பலின் அழகே தனி. காரம் முழுக்க உள்ளே இருப்பதால் நன்றாக உருகி, பாண்டத்தின் மேல் மழைநீர் வழிந்த தடம்போலக் கோடு கோடாக இறங்கும். ஆனால் வாளியில் கரைத்து வைத்தால் அந்தக் காரம் தண்ணீரில் இறங்கி நாளுக்கு நாள் குணம் மாறும், கையையும் அரிக்கும். நான் ஒரு தடவை மட்டும் கழுவச் சொல்வேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, சாம்பலை நிறையத் தண்ணீரில் கலக்கி, மிதக்கும் கரித்துண்டுகளை அள்ளிவிடுங்கள். 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்) சல்லடையில் வடிகட்டி ஒரு நாள் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீர் சோப்புபோல வழவழக்கும். அதை மட்டும் இறுத்துவிட்டு அடியில் தங்கியதைக் காயவைத்தால் போதும். காய்ந்ததைச் சலிக்கும்போது மாஸ்க் கட்டாயம்.

ஆத்தூரிலிருந்து: அரிசி ஆலை உமிச் சாம்பல் ஆகுமா?

அது கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. தனியாக உருகாது. மரச் சாம்பலும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்த்தால் பால் வெள்ளை வரும். வெந்து வெளுத்த சாம்பலாகப் பார்த்து எடுங்கள்.

ஓமலூரிலிருந்து: நம்மூர் வெள்ளைக்கல் பொடி சேர்க்கலாமா?

மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுதானே, சேர்க்கலாம். 5 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். பளபளப்பு அடங்கி வெண்ணெய் தடவியதுபோல ஆகும். கூடினால் வறண்டுபோகும்.

ஏற்காட்டிலிருந்தே இன்னொருவர்: பச்சை வரவில்லை, மஞ்சளாகவே வருகிறது. ஏன்?

சூளைக்குள் காற்று அதிகம். 900 டிகிரி தாண்டியதும் புகைபோக்கித் தடுப்பைக் கொஞ்சம் தள்ளி மூடுங்கள். பார்வைத் துளையில் சின்ன நாக்காகத் தீ எட்டிப் பார்க்க வேண்டும். கிளேஸில் 1 முதல் 2 சதவீத இரும்பு ஆக்சைடு இருந்தால் பச்சை வரும். தடுப்பை மூடிச் சுடும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும் என்பதால் மூடிய கொட்டகையில் செய்யவே கூடாது.

அதே நண்பர்: கிளேஸ் உருகி ஓடி அடியில் ஒட்டிக்கொண்டால்?

அடியிலிருந்து இரண்டு விரற்கடை பூசாமல் விடுங்கள். பாண்டத்துக்குக் கீழே அலுமினா தடவிய களிமண் வில்லை வையுங்கள். ஓடினாலும் வில்லையோடு போகும், சூளைத் தட்டு தப்பிக்கும்.